புதுப்பிப்பு: பேனாவைத் திறக்காத என் பிள்ளைகள்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். திருவையாறு பக்கம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 11 பேருக்கு மாலையில் கட்டுரை சொல்லித்தருகிறேன், நான் புது ஆள், ஒருவரும் பேனாவைத் திறப்பதில்லை என்று. தலைப்பை மாற்றச் சொன்னீர்கள்.

மாற்றினேன். 'நீர் மேலாண்மை' என்றபோது எல்லா நோட்டிலும் ஒரே குறள், ஒரே முன்னுரை. இப்போது கேட்டது இதுதான்: ஜூன் 12 மேட்டூர் திறந்த பிறகு உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று என்ன பார்த்தாய்? முதலில் பேசவிட்டேன். வாயே திறக்காத ஒரு பையன் பத்து நிமிடம் பேசினான். "அதையே எழுதுடா" என்றேன். "தண்ணிக்கு முன்னாடி நுரையும் சருகும் வந்துச்சு" என்று தொடங்கினான். எனக்கே அப்படி எழுத வராது.

அப்புறம் கெடுத்தது நான்தான். சிவப்புப் பேனாவால் ளகர லகரம் எல்லாம் சுழித்துத் தள்ளினேன். மறுநாள் இரண்டு பேர் வரவில்லை. இப்போது முதல் படியில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி, ஓரத்தில்: 'நுரை என்ன நிறம்?' பிழை திருத்தம் இரண்டாம் படியில்தான். போனவர்களில் ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள்.

பெற்றோர் மட்டும் "இது பரீட்சைக்கு வருமா சார்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை.

அடுத்து ஆடிப்பெருக்கு. அன்று பிள்ளைகள் இழுத்துப்போகும் சின்னத் தேரான சப்பரம் கட்டுவது எப்படி என்று எழுதப்போவதாக மூன்று பேர் இப்போதே சண்டை.