மறுவிற்பனைப் பங்கு எதன்மேல் கணக்கிடப்படுகிறது?

சாட்ஸ்வொர்த், டர்பன்:
எங்கள் கால்பந்து கிளப்பில் வளர்ந்த பையனைப் பெரிய கிளப் ஒன்று 2 லட்சம் ராண்டுக்குக் கேட்கிறது. பின்னர் அவன் 10 லட்சத்துக்கு விலைபோனால், ஒப்பந்தத்திலுள்ள 20 விழுக்காடு மறுவிற்பனைப் பங்கின்படி எங்களுக்கு மேலும் 2 லட்சம் கிடைக்குமா?

பீனிக்ஸ்:
தம்பி, அந்த வரியை மறுபடி படியுங்கள். ‘விற்பனைத் தொகையில்’ என்றிருந்தால் 2 லட்சம் கிடைக்கும். ‘லாபத்தில்’ என்றிருந்தால், அவர்கள் உங்களுக்குக் கொடுத்ததைக் கழித்து மிஞ்சும் 8 லட்சத்தில்தான் கணக்கு, அதாவது 1,60,000. பலர் இந்த ஒரு சொல்லில்தான் ஏமாறுகிறார்கள். பெரிய கிளப்போடு அவன் ஒப்பந்தம் முடிந்து இலவசமாகப் போய்விட்டால் ஒன்றுமில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
பெரிய கிளப் அவனை விற்கும்போது பணத்துக்குப் பதிலாக வேறோர் ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டால் மதிப்பை எப்படி நிர்ணயிப்பது என்பதையும் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுக்கு விற்றால், 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்கென ஃபிஃபா விதிப்படி பிரியும் 5 விழுக்காடு இதில் சேராது, அது தனி.

சாட்ஸ்வொர்த், டர்பன்:
பார்த்தேன், அண்ணா, ‘லாபத்தில்’ என்றுதான் இருக்கிறது.