மடையடைக்கும் நஞ்சும் மடைதிறக்கும் நஞ்சும்

கடல் நுண்பாசிகள் உண்டாக்கும் நஞ்சுகள் அனைத்தையும் ‘நரம்பு முடக்கு நஞ்சு’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. அவற்றுள் சில நரம்பை முடக்குவதில்லை. மாறாக, அதை ஓயவிடாமல் தூண்டுகின்றன.

நரம்பணுவின் சவ்வில் சோடியம் அயனிகள் நுழைவதற்கென்றே அமைந்த புரதத் துளைகள் உள்ளன. மின்னழுத்தம் மாறும்போது அவை திறந்து, ஏறத்தாழ ஒரு மில்லிநொடிக்குள் அடைபட்டுவிடுகின்றன. இந்தத் திறப்பும் அடைப்பும் சவ்வு நெடுகிலும் அடுத்தடுத்து நிகழ்வதால்தான் நரம்புச் செய்தி நகர்கிறது. இத்துளையைக் ‘கால்வாய்’ என்று எழுதிவருகிறோம். கால்வாய் என்றால் நீர் ஓடும் வழி மட்டுமே நினைவுக்கு வருகிறது. திறந்து மூடும் இயல்பு அச்சொல்லில் இல்லை. ‘வாயில்’ என்பதும் பொருந்தாது, ஏனெனில் துளையின் ஓர் உறுப்பாகிய கதவுக்கு அது தேவைப்படும். ஆகவே ‘மடை’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். நீரைத் தேக்கவும் விடவும் வல்லது மடை. சோடியம் மடை, மின்னழுத்த மடை, மடைக்கதவு என்று அது இயல்பாகவே விரிகிறது.

இதை ஏற்றால் நஞ்சுகளின் பெயர்களும் தெளிவாகின்றன. அலெக்சாண்ட்ரியம் போன்ற நுண்பாசிகளின் சாக்சிடாக்சின் சோடியம் மடையின் வெளிவாயைத் தக்கைபோல் அடைத்துவிடுகிறது. உதடுகள் மரத்துப்போவதில் தொடங்கி மூச்சுத்தசைகளின் செயலிழப்பு வரை அதன் விளைவு செல்லக்கூடும். இது மடையடைப்பு நஞ்சு. கரீனியா பிரெவிஸ் என்னும் நுண்பாசி உண்டாக்கும் பிரெவிடாக்சினும், காம்பியர்டிஸ்கஸ் என்னும் நுண்பாசியிலிருந்து மீன்கள் வழியாக மனிதரை வந்தடையும் சிகுவாடாக்சினும், மூடியிருக்க வேண்டிய மின்னழுத்தத்திலேயே மடையைத் திறந்துவிடுகின்றன. சிகுவாடாக்சினால் பாதிக்கப்பட்டவர் குளிர்ந்த பொருளைத் தொட்டால் எரிச்சலை உணர்வது இந்த மிகைத்தூண்டலின் விளைவே. இவை மடைதிறப்பு நஞ்சுகள். நரம்பைத் தூண்டும் நஞ்சையும் முடக்கும் நஞ்சையும் ஒரே பெயரால் அழைத்தால், படிக்கும் மாணவர் செயல்முறையையே தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

நுண்பாசிகள் உண்டாக்கும் மற்றொரு நஞ்சாகிய டோமோயிக் அமிலத்துக்கு இப்பெயர்கள் இரண்டும் ஒவ்வா. இவ்வமிலம் சேர்ந்திருந்த, கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளை உண்டு 1987இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது, சிலருக்கு நினைவாற்றல் நிலையாகவே குன்றியது. நரம்பணுக்களுக்கிடையே தூதாகச் செல்லும் குளூட்டமேட்டைப் போல நடித்து, அதன் ஏற்பிகளை (தூதை ஏற்கும் புரதங்களை) இவ்வமிலம் இடைவிடாமல் தூண்டுகிறது. அதனால் அளவுக்கு மீறிக் கால்சியம் உட்புகுந்து நரம்பணுக்கள் மடிகின்றன. இதனைப் ‘போலித்தூது நஞ்சு’ எனலாம்.

‘நச்சு’ என்பதைத் தனிப் பெயர்ச்சொல்லாக எழுதுவோர் பலர். நஞ்சு என்பதே பெயர். அடையாக வரும்போதுதான் அது நச்சுப்பாம்பு, நச்சுப்பாசி என்று திரிகிறது. கலைச்சொல்லில் இவ்வேறுபாட்டைக் காக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லிக்னோகெயின் போன்ற உணர்வகற்றி மருந்துகளும் சோடியம் மடையையே அடைப்பதால், ‘மடையடைப்பான்’ என்னும் சொல் மருந்தியலுக்கும் பயன்படும். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியுள்ளது. பிரெவிடாக்சின் மடையைத் திறப்பதோடு, திறந்த மடை மூடவிடாமலும் தடுக்கிறது; ‘மடைதிறப்பு’ என்பதில் இரண்டாவது செயல் வெளிப்படவில்லை. இரண்டையும் தாங்கும் சுருக்கமான சொல் கிடைத்தால் என் முன்மொழிவை மாற்றிக்கொள்வேன்.