மறு: மறு: ஓவர்பர்டன் = மேல்மண்?

நாகர்கோவில் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நிலவியல் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறேன். புதிய திறந்தவெளி இரும்புத்தாதுச் சுரங்கம் ஒன்றுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்பதாக வைத்துக்கொண்டு, தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் எழுத வேண்டும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன்னால் அந்தச் சுருக்கம் ஊர்மக்களின் மொழியிலும் கிடைக்க வேண்டுமே. ‘கருத்துக்கேட்பு’ பற்றிக் கவலையில்லை. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் மணல் எடுக்கும் பேச்சு வந்ததிலிருந்து இங்கே சின்னப் பிள்ளைக்கும் அந்தச் சொல் தெரியும். ஓவர்பர்டனில்தான் நிற்கிறேன், அதாவது தாதுக்கு மேலே கிடக்கும், அகற்றிக் கொட்டவேண்டிய மண்ணும் பாறையும். மேல்மண் என்று போடலாமா? திங்கட்கிழமை வகுப்பு.

தக்கலையிலிருந்து:

வேண்டாம் டீச்சர். மேல்மண்ணை டாப்சாயிலுக்கு விட்டுவையுங்கள். அந்த வளமண்ணைத் தனியாகச் சேர்த்துவைத்து, பின்னால் குவியல்மேல் பரப்பி மரம் நட வேண்டும். அனுமதி நிபந்தனைகளிலேயே இது வரும். ஓவர்பர்டன் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், எதைக் காப்பாற்றுகிறார்கள், எதைக் கொட்டுகிறார்கள் என்று கூட்டத்துக்கு வருகிறவருக்கு எப்படி விளங்கும்? அப்புறம், இரும்புத்தாதுக்கு மேலே கிடப்பதில் பெரும்பகுதி பாறை. வெடி வைத்தால்தான் நகரும்.

திருவட்டாறு ஐயா:

‘மூடுமண்’ என்று ஆளலாம். வினைத்தொகை. மூடிய, மூடுகின்ற, மூடும் என முக்காலமும் அடங்கும். பாறை அல்லவா என்பீர்கள், அப்படியானால் ‘மூடுபடிவு’.

இருக்கட்டும், ‘திறந்தவெளிச் சுரங்கம்’ என்று கேள்வியிலேயே எழுதுகிறீர்களே, அதை யாரும் கேட்கவில்லையா? சிலம்பில் யானைக் கூட்டம் போகும் ‘சுருங்கை வீதி’ நிலத்துக்கு அடியில் போகும் வழி. சுரங்கம் அதன் உறவு. வானம் பார்த்துக் கிடக்கும் குழியைச் சுரங்கம் என்பது கிணற்றை மாடி என்பதுபோல. ‘அகழ்’ இருக்கிறது, ‘அகழி’ இருக்கிறது. ‘தாதகழ்வு’ என்றால் என்ன குறைந்துவிடும்?

மார்த்தாண்டத்திலிருந்து:

ஐயா, சுருங்கையே கிரேக்கச் ‘சிரிங்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி இருக்கிறது. அதைக் கிளப்பினால் திங்கட்கிழமை போய்விடும். எல்லை தாண்டிப் பாறசாலைப் பக்கம் போனால் கல்குவாரி ‘பாறமட’. நம் ஆளுக்கு மடை என்றதும் குளத்துத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். ஊருக்கு ஊர் சொல் இப்படித்தான் கிடக்கும்.

மூடுமண்ணில் எனக்கு வேறு பயம். வேலை முடிந்தபின் குழியை நிரப்புவதும் ‘மூடுவது’தான், சுரங்க மூடல் திட்டம் என்று அறிக்கையில் தனி அத்தியாயமே வரும். அங்கே ‘மூடுமண் குவியல்’ என்று எழுதினால், குழியை மூட எடுத்துவைத்த மண் என்றுதான் படிப்பார்கள். மூன்று காலத்தில் வாசகர் எதிர்காலத்தைப் பிடித்துக்கொள்வார். கம்பெனிக்கு வேண்டுமானால் அது வசதி.

குளச்சலிலிருந்து:

வடக்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். அங்கே ஓவர்பர்டன் என்று முழுசாக யாரும் சொல்வதில்லை. ஓபி, அதன் குவியலுக்கு ஓபி டம்ப், அவ்வளவுதான். சொல் சின்னதாக இருக்க வேண்டும், இன்னொரு சொல்லோடு ஒட்டவும் வேண்டும். ஒரு டன் தாது எடுக்க எத்தனை டன் மேலிருப்பதை அகற்ற வேண்டும் என்ற விகிதத்தில்தான் சுரங்கத்தின் லாப நட்டமே நிற்கிறது. தாதகழ்வு மூடுபடிவு நீக்க விகிதம் என்று யார் வாயால் சொல்வது?

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்கள் பார்த்தது மணவாளக்குறிச்சி மணல் ஆலை. கடற்கரையில் இல்மனைட்டு என்ற கனிமம் கலந்த கருமணல் மேலேயே கிடக்கும், அள்ளினால் போதும். உரித்தெடுக்க மேலே ஒன்று இருக்கும் என்பதே அவர்களுக்குப் புதிது. முதலில் திறந்தவெளி இரும்புச் சுரங்கம் ஒன்றின் படத்தைக் காட்டுங்கள்.

தக்கலையிலிருந்து:

சரி, ‘மேலடை’? தேனடை மாதிரி அடர்ந்து படிந்தது.

மார்த்தாண்டத்திலிருந்து:

அச்சுக்கோப்பவர் ஒரு கால் சேர்த்துவிட்டால் மேலாடை. ‘மேலாடையை அகற்றிக் கொட்டும் பணி’ என்று கலெக்டர் முன்னால் வாசிக்கச் சொல்கிறீர்களா?

நாகர்கோவில் ஆசிரியை:

சிரித்து முடித்தேன், நன்றி. ‘மேல்மூடல்’ என்று எழுதப் போகிறேன். முதல் இடத்தில் ‘தாதுக்கு மேலே கிடக்கும், கொட்டவேண்டிய மண்ணும் பாறையும்’ என்று விளக்கம். மேல்மூடல் குவியல், மேல்மூடல் விகிதம் இரண்டும் ஓரளவு வாயில் வருகின்றன. மேல்மண் டாப்சாயிலுக்கு மட்டும். மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள்.

திருவட்டாறு ஐயா:

மூடல் தொழிற்பெயர்; மூடுகிற செயலைச் சொல்லும், மூடிக் கிடக்கும் பொருளைச் சொல்லாது. மார்த்தாண்டத்துத் தம்பி மூடுமண்ணுக்குச் சொன்ன தடை இதற்கும் அப்படியே பொருந்தும். நான் உடன்படவில்லை என்று குறித்துக்கொள்ளவும்.

குளச்சலிலிருந்து:

குறித்தாயிற்று ஐயா. பெஞ்சுக்கு, அதாவது குழியின் பக்கத்தில் படிபோல் வெட்டும் தளத்துக்கு, படியா, திட்டா என்று டீச்சர் அடுத்துக் கேட்பதாக இருந்தால் தயவுசெய்து வேறு இழையில்.