எல்லோரும் சேர்ந்து யோசிக்கும் கணக்குப் புதிர் வேண்டும்

கேள்வி:
எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் 12 பேருக்குக் கணக்குப் புதிர் கொடுக்கிறேன். ஒரே பையன் சட்டென்று விடை சொல்லிவிடுகிறான். மற்றவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கவே மனம் கனக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. சதுரங்கப் பலகையில் மூலைவிட்டத்தின் இரு முனைகளில் உள்ள எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை மூடுங்கள். மீதி 62 கட்டங்கள். அடுத்தடுத்த இரண்டு கட்டங்களை மறைக்கும் அட்டைகள் 31 வெட்டி, மும்மூன்று பேராக நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பவே முடியாது. ஆனால் அதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்! அரை மணி நேரம் அடுக்கிக் கலைக்கட்டும். 30 அட்டைகள் வைத்தபின் மிஞ்சும் இரண்டு கட்டங்களும் எப்போதும் ஒரே நிறம்தான். ஓர் அட்டை ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மறைக்கும். நாம் மூடியதோ ஒரே நிறக் கட்டங்கள் இரண்டை. என் வகுப்பில் இதை முதலில் கண்டவள் வாய்ப்பாட்டுக்கே அஞ்சி அழுத சிறுமி. அவள் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பதில் 2:
பழைய கோனிக்ஸ்பர்க் நகரின் (இன்று ரஷ்யாவின் கலினின்கிராட்) 7 பாலங்கள் பற்றிய புதிரையும் கொடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரே முறை கடந்து எல்லாவற்றையும் சுற்றிவர முடியாது என்று 1736இல் கணித அறிஞர் ஆய்லர் காட்டினார். தரையில் சாக்பீஸால் வரைந்து நடக்கவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அம்மா, அட்டைகளை இன்றிரவே வெட்டுகிறேன். அந்தப் பையனிடம் விடை கேட்காமல், காரணத்தை மற்றவர்களுக்கு விளக்கச் சொல்லலாமா?

பதில் 1:
தாராளமாக. ஆனால் கடைசியாகப் பேசட்டும்.