பனிக்காலத்துப் பாத்தியும் தையல் சட்டமும்

லான்காஸ்டர், பென்சில்வேனியாவிலிருந்து:

“அந்தக் குளிரில் தோட்டத்தில் என்ன வளரும்?” என்று ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்றும் வளராது என்றுதான் சொல்கிறேன். நாங்கள் இருப்பது ஏறக்குறைய 40 டிகிரி வட அட்சரேகையில். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி கடைசி வாரம் வரை இங்கே பகல் 10 மணி நேரத்தை எட்டாது. அவ்வளவு வெளிச்சத்தில் கீரை உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்குமே தவிர, புது இலை விடாது. ஆகவே டிசம்பரில் பறிக்க வேண்டியதை ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் விதைத்து, குளிர் இறுகுமுன் வளர்த்து முடித்துவிட வேண்டும். அதன்பிறகு பாத்திதான் நமக்குக் குதிர். வேண்டியபோது போய் எடுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்துப் பண்ணையில் இருக்கும் ஆமிஷ் மூதாட்டி. ஆமிஷ் என்பவர்கள் பழைய முறையில் எளிமையாக வாழும் கிறிஸ்தவச் சமூகத்தார். உறைபனி விழுந்த ஒரு காலையில் எங்கள் பாத்தியைப் பார்க்க வந்தார். கேல் கீரை விறைத்து நின்றது. ஓர் இலையை விரலால் மெல்லத் தட்டிக் காட்டி, “மதியம் வரை தொடாதே” என்றார். உறைந்த நிலையில் பறித்தால் உருகும்போது இலை துவண்டு கூழாகிவிடும். செடியிலேயே விட்டால் வெயில் ஏறியதும் தானே நிமிர்ந்துகொள்ளும். மதியம் பறித்த கீரை தித்தித்தது. சாறு உறைந்துவிடாமல் இருக்கச் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. பனி படாத கேல் கீரையை நான் இப்போது விரும்பிச் சமைப்பதே இல்லை.

அவர் வீட்டுத் தோட்டத்தில் செலரி வரிசை நீளமாக இருந்தால் அந்த வருடம் வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்று அக்கம்பக்கம் ஊகித்துவிடும். ஆமிஷ் கல்யாண விருந்தில் செலரி இல்லாமல் இலை போடுவதில்லை என்றே சொல்லலாம். கல்யாணங்கள் பெரும்பாலும் அறுவடை முடிந்தபின், செவ்வாய், வியாழக்கிழமைகளில் நடக்கும். அந்தப் பரபரப்பெல்லாம் அடங்கியதும் ஜன்னலோரமாகத் தையல் சட்டத்தைப் போடுவார்கள். ஒட்டுப்போர்வை வேலை தொடங்கும்.

அந்தச் சட்டத்தைச் சுற்றி உட்காரும் பேறு எனக்கும் கிடைத்தது. மேலே துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த முகப்பு, நடுவே பஞ்சு, அடியில் ஒற்றைத் துணி. மூன்றையும் இழுத்துக் கட்டியிருக்கும். வலது கையின் நடுவிரலில் உலோகத் தொப்பி. குட்டை ஊசியை நேராகக் குத்தி, மேலும் கீழும் அசைத்து, நான்கைந்து தையலைச் சேர்த்து ஊசியில் ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். இடது கை சட்டத்துக்கு அடியில் இருக்கும். ஊசிமுனை கீழே எட்டியதா என்பதை அந்தக் கையின் விரல்தான் சொல்ல வேண்டும். எண்பதைத் தாண்டிய அந்த அம்மாவின் இடது ஆள்காட்டி விரல் நுனி தோல் தடித்து மஞ்சளாக இருந்தது. வெள்ளைத் துணியில் ரத்தப் பொட்டு விழுந்தால் உடனே தன் எச்சிலைத் தொட்டு எடுத்துவிடுகிறார்.

பஞ்சு சூடு தருவதில்லை. உடம்புச் சூட்டைச் சுமந்த காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கிறது. பாத்தியிலும் அதையேதான் செய்கிறோம். கம்பி வளைவுகளின்மேல் மெல்லிய வெள்ளைத் துணி, அதற்கு மேலே பிளாஸ்டிக் கூடாரம், நடுவே அசையாத காற்று. மெய்ன் மாநிலத்தில் எலியட் கோல்மன் என்ற விவசாயி அடுப்போ ஹீட்டரோ இல்லாத கூடாரத்துக்குள் இப்படி இரண்டு அடுக்காக மூடி, குளிர்காலம் முழுவதும் கீரை அறுத்துக் காட்டினார். எங்களைவிட அங்கே குளிர் எவ்வளவோ அதிகம்.

தைத்து முடித்தவற்றில் சில, பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் நடக்கும் ஏலங்களுக்குப் போகும். பனி உருகித் தரையெல்லாம் சேறாகும் பருவம் என்பதால் ‘சேற்று ஏலம்’ என்றே பெயர். வரும் பணம் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு. குளிர்காலமெல்லாம் குனிந்து தைத்த போர்வை ஒரு தீயணைப்பு வண்டிக்கு உதவுகிறது என்பதில் எனக்குச் சொல்ல முடியாத மரியாதை உண்டு.

*

உதகை, தலைகுந்தா பக்கத்திலிருந்து:

அக்கா, எங்கள் ஊரில் டிசம்பரிலும் பகல் பதினொன்றரை மணி நேரம் கிடைத்துவிடுகிறது. எங்களுக்கு எதிரி தெளிந்த இரவுதான். பகலில் வெறும் சட்டையோடு நடமாடுகிறோம். விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளை.

எங்கள் பள்ளத்துக் காட்டுக்கு மேலே ஒரு படுகப் பெரியவர் தேயிலை வைத்திருக்கிறார். மாலையில் மேகம் கலைந்து, காற்றும் நின்றுவிட்டால், “இன்றைக்குப் பனி உண்டு, மூடிவிடு” என்று மேலிருந்தே குரல் கொடுப்பார். அவர் சொல்லித் தவறியதை நான் பார்த்ததில்லை. குளிர்காற்று கனம், சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அவருடைய தேயிலை தப்பித்துக்கொள்ளும், எங்கள் உருளைக்கிழங்கு இலை கருகும். கேரட் மண்ணுக்குள் இருப்பதால் கவலையில்லை. சூரியன் ஏறுமுன் தெளிப்பானைத் திறந்து பனியைக் கரைத்துவிடுவோம். நாற்றங்காலைக் கோத்தகிரி மிலார் செடிகளை வெட்டி வந்து மூடுகிறோம். தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளுக்கும் இதே மிலார் மூடாக்குதான்.

ஒட்டுப்போர்வை என்று எங்களிடம் தனியாக ஒன்று கிடையாது. ஆனால் பாட்டி பழைய நூல் சேலைகளை அடுக்கி, ஓரத்திலிருந்து நடுவரை நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டு வைத்திருந்த போர்வை இன்றும் வீட்டில் இருக்கிறது. நீங்கள் சொன்ன அசையாத காற்று, அந்தச் சேலை மடிப்புகளுக்கு இடையிலும் இருந்திருக்கிறது.

*

ஒன்ராறியோ கிராமப்புறத்திலிருந்து:

அக்காவுக்கும் தம்பிக்கும் வணக்கம். நான் உள்ளிக்காரன், பூண்டு போடுகிறவன். அக்டோபரில் பூண்டுப் பல்லை ஊன்றி, மேலே வைக்கோல் மூடாக்குப் போட்டு விட்டுவிடுவேன். குளிர் போதிய நாள் பட்டால்தான் ஒற்றைப் பல்லாக நின்றுவிடாமல் கிழங்கு பல பல்லாகப் பிரியும்.

முதல் வருடம் பனியை வழித்துப் பாத்தியைச் சுத்தமாக்க மண்வெட்டியோடு நின்றபோது பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரை நிறுத்தி இறங்கி வந்தார். “அதுதானே உன் உள்ளிக்குப் போர்வை” என்றார். கொட்டிய பனிக்குள் அத்தனை காற்று இருக்கிறது. கடுங்குளிரைவிட, உருகி உருகி மறுபடி உறைவதுதான் ஆபத்து. மண் உப்பிப் பல்லை மேலே தள்ளிவிடும்.

அவருடைய களஞ்சியச் சுவரில், எட்டடிச் சதுரப் பலகையில் ஒட்டுப்போர்வைக் கோலம் ஒன்று தீட்டியிருக்கிறது. 2001இல் ஒஹாயோவின் ஆடம்ஸ் மாவட்டத்தில் டோனா சூ குரோவ்ஸ் என்பவர், போர்வை தைக்கும் தம் தாயாரைச் சிறப்பிக்கத் தொடங்கிய வழக்கம் இந்தப் பக்கமும் பரவியிருக்கிறது. இவர் வைத்திருப்பது தம் மனைவி கடைசியாகத் தைத்த போர்வையின் கோலம். வர்ணம் மங்கும்போதெல்லாம் ஏணி வைத்து ஏறிப் பூசுகிறார்.

அக்கா, என் மனைவியும் தைக்க ஆசைப்படுகிறார். நடுவே பருத்திப் பஞ்சு வைப்பதா, கம்பளியா?

*

லான்காஸ்டரிலிருந்து:

தம்பி, முதல் போர்வைக்குப் பருத்தியே போதும். விலை குறைவு, துவைக்கவும் எளிது. முதல் சலவையில் சற்றுச் சுருங்கி, தையலைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுருக்கம் விழும், அதுதான் அழகு. கம்பளி எடை குறைவு, கதகதப்பு அதிகம், ஊசியும் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் சுடுதண்ணீர் ஆகாது. சிவப்புத் துணி வாங்கினால் வெட்டுவதற்கு முன்பே தனியாக அலசி, சாயம் போகிறதா என்று வெள்ளைத் துண்டு ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.