புதுப்பிப்பு: சிக்னல் முழுதாக இருந்தும் வைஃபை திணறிய விஷயம்

கடைசி அறையில் வைஃபை கோடுகள் முழுதாக இருந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று கேட்டிருந்தேன் அல்லவா, சரியாகிவிட்டது. சேனல் நெரிசல்தான் காரணம். வைஃபை அலைவரிசை சேனல் என்ற சிறு பகுதிகளாகப் பிரிந்திருக்கும்; பக்கத்து ரவுட்டர்களும் அதே பகுதியில் இயங்கினால் ஒன்றையொன்று இடிக்கும்.

ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 3ஆம் சேனலில் இருந்தது. ஒரு சேனலின் அகலம் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ். ஆனால் அடுத்தடுத்த சேனல்களுக்கு இடைவெளி வெறும் 5 மெகாஹெர்ட்ஸ். அதனால் 3இல் இருந்தால் 1, 6 இரண்டின் இரைச்சலும் நம் தலையில்தான். 1, 6, 11 மூன்றும் ஒன்றையொன்று உரசாது. வைஃபை அனலைசர் செயலியில் பார்த்தால் 11 கிட்டத்தட்ட காலி. அதற்கு மாற்றினேன், வீடியோ தடங்கலில்லாமல் ஓடுகிறது. கோடுகள் சிக்னலின் வலிமையைக் காட்டுமே தவிர நெரிசலைக் காட்டாது.

அப்புறம், ரவுட்டரின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறச் சொன்னவர்களுக்கு நன்றி. ரவுட்டர் அருகில் அது அருமை. இரண்டு சுவர் தாண்டினால் துவண்டுவிடுகிறது. கடைசி அறைக்கு 2.4தான்.