டிஃபெண்டர், கிளாம்ஏவி பதிவுகள்: டாஷ்போர்டில் எல்லாமே 'பிளாக்டு' என்றே வருகிறது, உதவி தேவை

வடகரை (கேள்வி)

வணக்கம். ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். ஸ்பிளங்க் (பதிவுகளைத் திரட்டித் தேடும் மென்பொருள்) வைத்து மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்) எச்சரிக்கைகளைக் கவனிக்கும் பொறுப்பு அண்மையில் என் கைக்கு வந்தது. பதிவுகள் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன: ஆய்வகக் கணினிகளில் உள்ள விண்டோஸ் டிஃபெண்டர், லினக்ஸ் கோப்பு சர்வரில் ஓடும் கிளாம்ஏவி (இரண்டும் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள்), பிறகு அஞ்சல்களை வடிகட்டும் மின்னஞ்சல் வாயில்.

இவற்றை ஸ்பிளங்க்கின் பொதுத் தகவல் மாதிரியில் (வெவ்வேறு மூலங்களின் பதிவுகளை ஒரே புலப் பெயர்களுக்குக் கொண்டுவரும் வரையறை) உள்ள 'மால்வேர்' பிரிவுக்கு ஏற்ப மாற்றும் அமைப்பை எனக்கு முன் இருந்தவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த மாதிரியில் 'ஆக்‌ஷன்' புலத்துக்கு மூன்று மதிப்புகள்தான் உண்டு: அலவ்டு (அனுமதித்தது), பிளாக்டு (தடுத்தது), டிஃபர்டு (தள்ளிவைத்தது). ஆனால் எங்கள் டாஷ்போர்டில் டிஃபெண்டர் பதிவு ஒவ்வொன்றும் 'பிளாக்டு' என்றே விழுகிறது. மேலாளருக்கு அதைப் பார்த்து மகிழ்ச்சி. எனக்குத்தான் சந்தேகம். மூலப் பதிவைத் திறந்து பார்த்தால் 1118 எண் நிகழ்வுகள் கிடக்கின்றன. 1118 என்றால் நடவடிக்கை தோற்றது என்றுதானே பொருள்?

அமைப்பு இப்படி: நிகழ்வு எண்ணைக் கொண்டு ஒரு லுக்கப் அட்டவணை (ஒரு மதிப்பைக் கொடுத்தால் அதற்குரிய இன்னொன்றைத் தரும் பட்டியல்) 'முடிவு' என்ற புலத்தை நிரப்புகிறது. பிறகு ஒரு கணக்கீட்டுப் புலம், முடிவு 'தோல்வி' என்றால் அலவ்டு, 'நிலுவை' என்றால் டிஃபர்டு, மற்றவை எல்லாம் பிளாக்டு என்று ஆக்‌ஷனை நிரப்புகிறது. விந்தை என்னவென்றால், இதே சூத்திரத்தைத் தேடல் பெட்டியில் நானே தட்டச்சு செய்தால் விடை சரியாக வருகிறது.

இன்னொரு தொல்லை. காலையில் கிளாம்ஏவி பிடித்தது காலையில் தெரிவதில்லை, மாலையில்தான் திரையில் தோன்றுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

இரவுப்பணி

தொடர்பு இல்லை. முதலாவதற்கு மட்டும் சொல்கிறேன்.

ஸ்பிளங்க் தேடலின்போது புலங்களை ஒரு நிலையான வரிசையில் உருவாக்குகிறது. முதலில் மூல வரியிலிருந்து பிரித்தெடுத்தல், அடுத்து மாற்றுப் பெயர்கள், அதன் பிறகு கணக்கீட்டுப் புலங்கள், அதற்கும் பிறகுதான் லுக்கப். நிகழ்வு வகைகளும் குறிச்சொற்களும் கடைசியில். உங்கள் கணக்கீடு ஓடும் நேரத்தில் லுக்கப் இன்னும் ஓடவில்லை. ஆகவே 'முடிவு' வெற்றாக இருக்கிறது, 'மற்றவை எல்லாம்' என்ற கிளையில் போய் விழுகிறது. தேடல் பெட்டியில் நீங்கள் எழுதும்போது அந்த வரிசை முழுதும் முடிந்திருக்கும், அதனால் அங்கே சரியாக வருகிறது.

கணக்கீட்டுப் புலத்தை எடுத்துவிடுங்கள். ஆக்‌ஷன் மதிப்பையே லுக்கப் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாக வைத்து நேராக வெளியே கொடுங்கள். வரிசைப் பிரச்சினையே எழாது.

தெரியாதது எல்லாம் 'பிளாக்டு' என்று எழுதும் சூத்திரத்தை நான் எங்கே பார்த்தாலும் அழித்துவிடுவேன். அட்டவணையில் பொருத்தம் இல்லாதபோது எந்த மதிப்பு வர வேண்டும் என்று லுக்கப் அமைப்பிலேயே சொல்ல முடியும். அங்கே 'அன்னோன்' என்று வையுங்கள். தகவல் மாதிரியின் பட்டியலில் அந்தச் சொல் இல்லைதான். ஆனால் திரையில் கண்ணை உறுத்தும், உறுத்தட்டும்.

புதுத்தடம்

அடிப்படையையே மாற்றலாமே? 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஓசிஎஸ்எஃப் என்ற பொதுவான பாதுகாப்புப் பதிவு வடிவத்தில் ஆக்‌ஷன் தனி, டிஸ்பொசிஷன் தனி. அனுமதித்ததா மறுத்ததா என்பது ஒரு புலத்தில். தடுத்ததா, தனிமைப்படுத்தியதா, அழித்ததா என்பது இன்னொரு புலத்தில். நடவடிக்கை வெற்றியா தோல்வியா என்பதற்கு வேறொரு புலம். நீங்கள் மூன்று சொற்களுக்குள் எல்லாவற்றையும் திணிப்பதால்தான் இந்தக் குழப்பம்.

இரவுப்பணி

வடிவம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய பிரச்சினை வரிசையில் இருக்கிறது. ஓசிஎஸ்எஃப்புக்கு மாறினாலும் வெற்றான புலத்தை 'தடுத்தது' என்று எழுதினால் அங்கேயும் இதே பொய்தான் வரும். அவருடைய எச்சரிக்கை விதிகள் எல்லாம் ஸ்பிளங்க் மாதிரியைப் பார்த்து எழுதியவை, அதையும் எண்ணிப் பாருங்கள்.

அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், வடகரை. 'முடிவு' புலத்தைத் தூக்கி எறியாமல் ஆக்‌ஷனுக்குப் பக்கத்தில் தனியாக வைத்திருங்கள். தனிமைப்படுத்தியதற்கும் அழித்ததற்கும் வேறுபாடு தேவைப்படும் நாள் வரும்.

பழைய_சிஸ்லாக்

இரண்டாவது தொல்லைக்கு வருகிறேன். கிளாம்ஏவி பதிவு எந்த வழியாக வருகிறது? சிஸ்லாக் (பதிவுகளை வலைவழி அனுப்பும் முறை) வழியாக ஒரு சேகரிப்பு சர்வருக்கு வந்து அங்கிருந்து ஸ்பிளங்க்குக்குப் போகிறது, அந்தச் சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது என்று ஊகிக்கிறேன்.

ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) 3164 காலத்துச் சிஸ்லாக் தலைப்பில் ஆண்டும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. கோப்பு சர்வர் இந்திய நேரப்படி காலை 10.20 என்று எழுதுகிறது. ஸ்பிளங்க் அதை யூடிசி 10.20 என்று எடுத்துக்கொள்கிறது, அதாவது நம் கணக்கில் பிற்பகல் 3.50. எதிர்காலத்தில் நடக்கப்போகும் நிகழ்வு! 'கடந்த 24 மணி நேரம்' என்று தேடினால் 'இப்போது' என்பதோடு தேடல் நின்றுவிடும். ஐந்தரை மணி நேரம் கழித்துத்தான் அது கண்ணில் படும்.

டிஃபெண்டரில் இது நேராதது ஏன் என்றால், விண்டோஸ் நிகழ்வின் எக்ஸ்எம்எல்லில் நேரம் யூடிசியாக, அதற்கான அடையாளத்தோடேயே வருகிறது.

இரண்டு வழிகள் உண்டு. அந்தப் பதிவு வகைக்கு நேர மண்டலம் 'ஏஷியா/கொல்கத்தா' என்று பிராப்ஸ் என்ற ஸ்பிளங்க் அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். இது பதிவு உள்ளே வரும்போதே நடக்கும் வேலை. ஆகவே பதிவை முதலில் பிரித்துப் படிக்கும் சர்வரில் எழுத வேண்டும், தேடல் சர்வரில் எழுதிப் பயனில்லை. ஏற்கெனவே உள்ளே வந்தவை மாறாது. அல்லது அனுப்பும் இடத்திலேயே 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 வடிவத்துக்கு மாற்றுங்கள், அதில் மண்டலம் சேர்ந்தே வரும். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

ஒரு உபரிச் செய்தி. இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி இணையப் பாதுகாப்புச் சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களையும் ஒத்திசைக்க வேண்டும். உங்கள் இடத்தில் கவனத்துக்கு வருவதற்கே ஐந்தரை மணி நேரம் பிடிக்கிறது. தணிக்கைக்கு வருபவர் இதைக் கேட்டால் சிரிக்க மாட்டார்.

வடகரை

ஊகம் சரி, சேகரிப்பு சர்வர் யூடிசியில்தான் ஓடுகிறது. 5424 வடிவத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

லுக்கப் அட்டவணையையும் மாற்றினேன். இப்போது 1118 அலவ்டு என்று வருகிறது. ஆனால் 1116க்கு என்ன எழுதுவது? அந்த நிகழ்விலேயே பிழை எண் பூஜ்ஜியம், 'செயல் வெற்றிகரமாக முடிந்தது' என்று இருக்கிறதே. அப்படியானால் பிளாக்டு தானே?

இரவுப்பணி

இல்லை. பலரும் சறுக்கும் இடம் இது. 1116 என்பது 'கண்டேன்' என்ற அறிவிப்பு மட்டுமே. அதில் உள்ள 'வெற்றி' மால்வேரை நீக்கிய வெற்றியன்று. நீக்கும் நடவடிக்கை 1117இல் வரும். 1118 நடவடிக்கை தோல்வி, 1119 அதைவிடக் கடுமையான தோல்வி.

1117ஐயும் கண்ணை மூடிக்கொண்டு பிளாக்டு என்று எழுதாதீர்கள். ஆக்‌ஷன் எண் 6 என்று இருந்தால் அனுமதித்தது என்று பொருள். யாரோ ஓர் ஆசிரியர் தனக்கு வேண்டிய மென்பொருளை 'பரவாயில்லை, விடு' என்று அனுமதித்திருப்பார். அதுவும் 1117தான்.

ஆகவே அட்டவணைக்குச் சாவி இரண்டு: நிகழ்வு எண், ஆக்‌ஷன் எண். 1117உம் 6உம் சேர்ந்தால் அலவ்டு. அதற்குக் கீழே 1117உம் வைல்டுகார்டும் (எதுவும் பொருந்தும் குறி) வந்தால் பிளாக்டு. 1116 டிஃபர்டு. 1118, 1119 இரண்டும் அலவ்டு. வைல்டுகார்டு வைப்பதால் அதிகபட்சப் பொருத்தம் 1 என்று கட்டாயம் எழுதுங்கள், இல்லையென்றால் இரண்டு வரிகளும் பொருந்தி ஒரே புலத்தில் இரண்டு மதிப்புகள் வந்து உட்காரும்.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். ஒரே மால்வேருக்கு 1116உம் 1117உம் வந்தால் இரண்டு தாக்குதல்கள் என்று கணக்காகும். இரண்டிலும் 'டிடெக்‌ஷன் ஐடி' ஒன்றாகவே இருக்கும். அதை வைத்துச் சேர்த்து, கடைசியாக வந்த நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1116 வந்து துணையாக எதுவும் பின்தொடரவில்லை என்றால், அந்தக் கணினியைத்தான் நீங்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

5001, அதாவது நிகழ்நேரப் பாதுகாப்பு அணைக்கப்பட்டது என்பதை இந்த அட்டவணைக்குள் கொண்டுவர வேண்டாம். அதுவும் வைரஸ் அடையாளக் கையொப்பப் புதுப்பிப்புகளும் தாக்குதல் பிரிவைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுக்கு மால்வேர் மாதிரியிலேயே செயல்பாட்டுப் பிரிவு தனியாக இருக்கிறது.

புதுத்தடம்

கிளாம்ஏவிக்கு என்ன செய்வீர்கள்? அதில் 'ஃபவுண்ட்' என்ற ஒரே சொல்தான்.

பழைய_சிஸ்லாக்

அதுதான் வேடிக்கை. கிளாம்ஸ்கேன் தன் இயல்பில் கண்டுபிடித்துச் சொல்லும், அவ்வளவுதான். நகர்த்து, அழி என்று கட்டளையில் சேர்க்காவிட்டால் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். நான் அலவ்டு என்றே எழுதுவேன்.

இரவுப்பணி

நான் டிஃபர்டு என்பேன். அலவ்டு என்பது யாரோ முடிவெடுத்து விட்டுவிட்டது போலத் தொனிக்கிறது. இங்கே யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை.

பழைய_சிஸ்லாக்

கோப்பு வட்டில் கிடக்கிறது, மாணவர் அதைத் திறக்கலாம். நடைமுறையில் அது அனுமதிதான். உங்கள் எச்சரிக்கை விதி எதைப் பார்த்து ஒலிக்கிறது என்பதைப் பொறுத்தது. வடகரை, உங்கள் விதி அலவ்டுக்கு மட்டும் ஒலிப்பதாக இருந்தால் என் பேச்சைக் கேளுங்கள்.

வடகரை

அலவ்டுக்கு மட்டும்தான் ஒலிக்கிறது. ஆகவே பழைய_சிஸ்லாக் சொன்னபடி வைக்கிறேன், மன்னிக்கவும் இரவுப்பணி.

பெயர்களைப் பற்றி ஒரு சந்தேகம். எய்கார் சோதனைக் கோப்பை (வைரஸ் தடுப்பைச் சோதிக்கும் தீங்கற்ற கோப்பு) இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். டிஃபெண்டர் 'வைரஸ்:டாஸ்/எய்கார்_டெஸ்ட்_ஃபைல்' என்கிறது. கிளாம்ஏவி 'வின்.டெஸ்ட்.எய்கார்_ஹெச்டிபி-1' என்கிறது. 68 பைட் கோப்புக்கே இத்தனை பெயர் என்றால் மற்றவற்றுக்கு? ஒரே பெயராக மாற்ற அட்டவணை போடலாமா?

இரவுப்பணி

வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 1991இல் உருவான காரோ பெயரிடும் முறையைப் பின்பற்றுகிறது, மற்றவர்களுக்கு அவரவர் முறை. அந்த அட்டவணையைப் பராமரிக்கத் தனி ஆள் வேண்டும், அப்போதும் முடியாது. சிக்னேச்சர் புலத்தில் தயாரிப்பாளர் கொடுத்த பெயரை அப்படியே விடுங்கள். ஒப்பிட வேண்டுமென்றால் ஹாஷை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறி) வைத்து ஒப்பிடுங்கள்.

கிளாம்ஏவியில் 'எக்ஸ்டென்டட் டிடெக்‌ஷன் இன்ஃபோ' என்ற அமைப்பை இயக்கினால் ஹாஷும் அளவும் பதிவில் வரும். டிஃபெண்டரின் 1116இல் ஹாஷ் இல்லை. அதற்குரிய கொள்கையை இயக்கினால் 1120 என்ற தனி நிகழ்வாக வரும். ஒப்பிடும் முன் நீளத்தைப் பாருங்கள்: 32 எழுத்து எம்டி5, 40 என்றால் ஷா1, 64 என்றால் ஷா256. எம்டி5ஐ ஷா256உடன் ஒப்பிட்டுவிட்டு 'பொருத்தமே இல்லை' என்று அறிக்கை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிஃபெண்டரின் பாதைப் புலத்தில் முன்னால் 'ஃபைல்:_' என்று ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் அரைப்புள்ளியால் பிரிந்தும் வரும். அதையும் சீர்செய்தால்தான் கோப்புப் பெயர் சரியாகக் கிடைக்கும்.

வடகரை

எல்லாம் செய்தாயிற்று. தேடலில் சரியாக வருகிறது. டாஷ்போர்டில் மட்டும் பழைய நாள்கள் இன்னும் முழுக்க 'பிளாக்டு'.

இரவுப்பணி

தகவல் மாதிரிக்கு முடுக்கம் இயக்கியிருப்பீர்கள். முன்பே சேர்த்து வைத்த சுருக்கத்தில் பழைய மதிப்புகள் உறைந்திருக்கும், அமைப்பை மாற்றியதால் அது தானாகத் திருந்தாது. மாதிரியின் பக்கத்தில் 'ரீபில்ட்' கொடுங்கள். கல்லூரி நேரம் முடிந்த பிறகு கொடுங்கள், சர்வர் மூச்சு வாங்கும்.

வடகரை

ரீபில்ட் முடிந்தது, சரியாகிவிட்டது. தோற்றுப்போன 1118 எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆய்வகத்திலிருந்து வந்தவை. அங்கே போய்ப் பார்க்கக் கிளம்புகிறேன். மின்னஞ்சல் வாயிலின் பதிவு சிஇஎஃப் என்ற பதிவு வடிவத்தில் வருகிறது, அதில் சாய்கோடுகளும் சமக்குறிகளும் சரியாக எஸ்கேப் செய்யப்படாமல் (தனிக்குறியால் விலக்கிக் காட்டப்படாமல்) புலங்கள் சிதறுகின்றன. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.